ஓ.பி. சீட்டில் மருந்தின் பெயரை எழுதி வாங்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் மருந்தாளுநராக இருக்கிறேன். பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து வருகிறவர்கள் தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, "இதையே ஜெனரிக்ல குடுங்கண்ணா" என்பார்கள். ஜெனரிக் என்றால், கம்பெனி வைத்த பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே விலை குறைவாக விற்பது. சீட்டில் 'டெல்மா 40' (டெல்மிசார்டன் என்ற பிரஷர் மருந்துக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர்) என்று இருந்தால், நானாக வேறு கம்பெனி டெல்மிசார்டனைத் தர முடியாது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' மருந்துகளில், உள்ளே இருப்பது அதே சரக்கானாலும், எழுதியதற்குப் பதில் இன்னொன்றைத் தர மருந்து விதிகள் விடுவதில்லை. ஆகவே கேட்க வேண்டிய இடம் டாக்டர் அறை.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது பழைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோங்கள். "மருந்துப் பேரா எழுதிக் குடுங்க டாக்டர், மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்" என்று சொன்னால் போதும். (மக்கள் மருந்தகம் என்பது மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் ஜெனரிக் மருந்துக் கடை.) கூச்சம் வேண்டாம். பொதுப்பெயரில் எழுதச் சொல்வது மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையேதான். தெளிவாக எழுத வேண்டும் என்பதை 2016இல் சேர்த்தார்கள்.

வெளியே வருமுன் சீட்டைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது வால் எழுத்துகளில். டெல்மா வேறு, டெல்மா எச் வேறு, டெல்மா ஏஎம் வேறு. பின்னிரண்டிலும் இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறது. சுகருக்கான கிளைகோமெட் ஜிபி 1 என்பது கிளிமிபிரைடு 1, மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர். அந்த 'எஸ்ஆர்' விடுபட்டால் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரைக்குப் பதில் சாதா மாத்திரை கைக்கு வரும். மில்லிகிராமும் இருக்க வேண்டும்.

விலை குறைந்தால் வீரியமும் குறையுமா என்று கேட்பவர்களிடம் நான் சாமனப்பள்ளியைத்தான் சொல்வேன். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியது நம் மாவட்டத்து அந்த ஊரில்தான். வீட்டுக்கே வரும் அந்த பிரஷர், சுகர் மாத்திரைகளும் பொதுப்பெயர் மருந்துகள்தானே.

மக்கள் மருந்தகம் தவிர, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேளுங்கள். எல்லாக் கடையிலும் எல்லாம் இருக்காது. போன் போட்டுவிட்டுப் போவது நல்லது.

வலிப்புக்கான ஃபெனிடோயின், தைராய்டுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், இந்த மூன்றையும் டாக்டர் சொல்லாமல் கம்பெனி மாற்றாதீர்கள். அளவு சற்றே பிசகினாலும் உடம்பில் தெரியும். மாற்றினால் எப்போது ரத்தப் பரிசோதனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டை. நிறமும் வடிவமும் வேறாக இருப்பதால், இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல், வயதானவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். புது மாத்திரை வந்த அன்றே பழையதைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து பிரஷரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.