பேப்பர் ரிஜெக்ட் ஆகிவிட்டதா? அடுத்து செய்ய வேண்டியவை

ஆய்வுக் கட்டுரையை அனுப்பிய ஜர்னலிலிருந்து வந்த மெயிலில் எடிட்டர் எழுதிய பத்தியை மட்டும் முதல் நாள் படியுங்கள். ரிவ்யூவர்களின், அதாவது கட்டுரையை மதிப்பிட்ட அதே துறை ஆய்வாளர்களின், கருத்துகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். முதல் கட்டுரை எழுதுபவர்கள் பலர் ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தம் செய்து அனுப்பச் சொல்லும்) கடிதத்தையே ரிஜெக்ஷன் என்று எண்ணி உடைந்துபோகிறார்கள். “இப்போதைய வடிவில் ஏற்க இயலாது” என்றிருந்தாலும், திருத்தி அனுப்பக் கெடு கொடுத்திருந்தால் கட்டுரை இன்னும் அந்த ஜர்னலில்தான் இருக்கிறது.

ரிவ்யூவுக்கே போகாமல் சில நாளில் திரும்பிவிட்டால், பெரும்பாலும் அது அந்த ஜர்னலின் எல்லை, முன்னுரிமை, இடம் சம்பந்தப்பட்டது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ், செல்கள் ஆற்றல் பெறும் வழியான சிட்ரிக் அமிலச் சுழற்சி பற்றி எழுதிய கடிதத்தை (சிறு ஆய்வுக் குறிப்பை) 1937இல் ‘நேச்சர்’ திருப்பி அனுப்பியது, ஏற்கெனவே கடிதங்கள் குவிந்திருந்தன என்பதற்காக. அவர் அதை ‘என்சைமாலஜியா’வில் வெளியிட்டார், 1953இல் நோபல் வந்தது. இப்படித் திரும்பினால் தலைப்பு, சுருக்கம், கவர் லெட்டர் மூன்றையும் மாற்றி எழுதி ஒரு வாரத்துக்குள் வேறு ஜர்னலுக்கு அனுப்பிவிடுங்கள்.

ரிவ்யூ முடிந்து ரிஜெக்ட் ஆனால்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு கருத்தையும் எண் போட்டு ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள். பக்கத்தில் எழுத்தில் சரியாவதா, இருக்கும் தரவை மறுபடி அலசினால் போதுமா, புதுச் சோதனை வேண்டுமா, எத்தனை நாள் ஆகும் என்று குறியுங்கள். “எரர் பார் (வரைபடத்தில் புள்ளிகளின் மேலும் கீழும் வரும் கோடு) எதைக் காட்டுகிறது?” என்ற கேள்விக்குப் படக்குறிப்பில் ஒரு வரி போதும். ஒரே மாதிரியை மூன்று முறை அளந்துவிட்டு n=3 (மூன்று தனி மாதிரிகள்) என்று போட்டிருந்தால் கதை வேறு; தனித்தனி மாதிரிகளில் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும். புரதங்களை ஜெல்லில் பிரித்து மெம்பிரேனுக்கு மாற்றிக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில், எல்லா மாதிரியும் சம அளவில் ஏற்றப்பட்டதைக் காட்டும் லோடிங் கன்ட்ரோல் விடுபட்டிருந்தால், மெம்பிரேனைப் பத்திரப்படுத்தியிருக்கும் பட்சத்தில் பழைய ஆன்டிபாடியை நீக்கி (ஸ்ட்ரிப் செய்து) ஆக்டின் என்ற புரதத்துக்கு மறுபடி புரோப் செய்யலாம். சம்பந்தமில்லாத ஜெல்லின் படத்தை ஒருபோதும் அங்கே வைக்காதீர்கள்.

இரண்டு ரிவ்யூவரும் ஒரே குறையைச் சொன்னால் வாதாடாமல் சரிசெய்யுங்கள். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அவரைத் தடம் மாற்றிய வாக்கியம் கட்டுரையில்தான் இருக்கும். அதைத் தேடித் திருத்துங்கள். தீர்ப்பே தகவல் பிழை ஒன்றின்மேல் நின்றால் மட்டும் எடிட்டருக்கு ஒரு பக்கத்தில் முறையீடு எழுதலாம். பதில் வரும்வரை வேறெங்கும் அனுப்பக் கூடாது.

அதே முடிவை வேறு குழு முந்தி வெளியிட்டாலும் உழைப்பு வீணில்லை. அப்படிப்பட்ட கட்டுரைகளை ஆறு மாதத்துக்குள் அனுப்பினால் பரிசீலிப்பதாக ‘பிளாஸ் பயாலஜி’ ஜர்னல் 2018இல் அறிவித்தது. ரிவ்யூவுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் போடும் பயோஆர்கைவ் (bioRxiv) தளத்தில் முன்பே போட்டிருந்தால் தேதியே சாட்சி.

கைடிடம் மறைக்காதீர்கள், அட்டவணையோடு போய் உட்கார்ந்தால் பேச்சு வேலையைப் பற்றியதாகிவிடும். இந்தியாவில் பிஎச்டி சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022 விதிகளில் நீக்கிவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

திருத்தாமல் அடுத்த ஜர்னலுக்கு அனுப்பினால், சிறிய துறைகளில் அதே ரிவ்யூவரிடமே கட்டுரை போய்ச் சேரலாம். அவர் பழைய கருத்துகளையே மறுபடி அனுப்புவார். அனுப்புமுன் கவர் லெட்டரில் பழைய ஜர்னலின் பெயர் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.