நெட்வொர்க் கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது? டிரைவரையே சொல்ல வைப்போம்

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், சர்வரிலிருந்து கழற்றிய இரட்டை போர்ட் 10 ஜிகாபிட் கார்டுகளைத் தேடிப் பிடிக்கலாம். பேரத்தைத் தமிழிலேயே முடிக்கவும் வாய்ப்புண்டு. லினக்ஸ் ஓடும் வீட்டுக் கணினியில் செருகினால் விளக்கு எரியும், நெட்வொர்க் கார்டின் நிலையைச் சொல்லும் எத்டூல் கட்டளை 10,000 மெகாபிட் என்று காட்டும். அது கேபிள் பக்கத்து வேகம் மட்டுமே. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைப் பற்றி எத்டூல் வாயே திறக்காது. அந்த இணைப்பில் தரவு ஓடும் ஒவ்வொரு தடமும் ஒரு லேன்; உள்ளூர் நெட்வொர்க்கைக் குறிக்கும் 'லேன்' வேறு. பார்வைக்கு 16 லேன் நீளமுள்ள ஸ்லாட்டில் 4 லேனுக்கு மட்டும் தடம் போட்டிருக்கும் மதர்போர்டுகள் சர்வசாதாரணம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கொடுத்து, ஈத்தர்நெட் என்று வரும் வரியிலிருந்து கார்டின் முகவரியை எடுங்கள். 03:00.0 என்பதுபோல இருக்கும்.

அடுத்து, நிர்வாகி உரிமை தரும் 'சூடோ'வுடன் அதே கட்டளையை, அந்த முகவரிக்கு மட்டும், இரட்டை 'வி' சேர்த்து ஓட்டுங்கள். சூடோ இல்லாவிட்டால் நமக்கு வேண்டிய பகுதி வராது. 'லிங்க்கேப்' என்ற வரி கார்டால் எது முடியும் என்பதைச் சொல்லும்; 'லிங்க்ஸ்டா' இப்போது நடப்பதைச் சொல்லும். முதலாவதில் 8 லேன், இரண்டாவதில் 4 லேன் என்றிருந்தால் பாதி வழி அடைபட்டிருக்கிறது.

அதனால் நஷ்டமா? கணக்குப் போடுவோம். இரண்டாம் தலைமுறை இணைப்பில் லேனுக்கு நொடிக்கு 5 ஜிகாட்ரான்ஸ்ஃபர், அதாவது கழிவு போகாத மொத்த பிட் வேகம். ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாகப் பயணிப்பதால் ஐந்தில் ஒரு பங்கு கழிந்து 4 ஜிகாபிட் மிஞ்சும். 8 லேனுக்கு 32, 4 லேனுக்கு 16. இரண்டு போர்ட்டும் முழு மூச்சில் ஓட 20 வேண்டும்; ஆகவே இடிக்கும். ஒரு போர்ட் போதும் என்பவர் கவலையில்லாமல் இருக்கலாம். மூன்றாம் தலைமுறையில் 128 பிட்டுக்கு 130 பிட் என்பதால் வீணாவது மிகக் குறைவு.

இனி டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். 2018-இல் வந்த லினக்ஸ் 4.17 முதல் இதற்கென்றே லினக்ஸின் மையமான கெர்னலில் ஒரு ஃபங்ஷன் உண்டு: 'பிசிஐஇ_பிரிண்ட்_லிங்க்_ஸ்டேட்டஸ்'. அதற்கு முன் பல நெட்வொர்க் டிரைவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டு, ஆளுக்கொரு வாசகத்தில் அச்சிட்டன. நீங்கள் அந்த வேலையில் இறங்க வேண்டாம். கார்டைக் கண்டதும் கெர்னல் அழைக்கும், டிரைவரின் 'புரோப்' ஃபங்ஷனில், நெட்வொர்க் சாதனத்தைப் பதிவு செய்து முடித்த இடத்துக்குப் பின், கார்டைக் குறிக்கும் 'பிடெவ்' சுட்டியைக் கொடுத்து ஒரே வரியில் அழைத்தால் போதும். அது எந்த மதிப்பையும் திருப்பித் தராது. பிழை சோதிக்கும் தொல்லையும் இல்லை.

டிரைவர் மாட்யூலை மீண்டும் தொகுத்து ஏற்றி, கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' பாருங்கள். எல்லாம் சரியென்றால் கிடைக்கும் தரவு வேகமும், இணைப்பின் வேகமும் லேன் எண்ணிக்கையும் மட்டும் ஒரே வரியில் வரும். குறை இருந்தால் செய்தி நீளும்: 16.000 ஜிகாபிட் கிடைக்கிறது, 0000:00:01.1-இல் உள்ள 5.0 ஜிகாட்ரான்ஸ்ஃபர், 4 லேன் இணைப்பு கட்டுப்படுத்துகிறது, கார்டால் 32.000 முடியும்.

அந்த முகவரியைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். நம் கார்டு 03:00.0 அல்லவா? கெர்னல் கார்டோடு நிற்பதில்லை. அங்கிருந்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை தொடங்கும் ரூட் போர்ட் வரை ஒவ்வொரு இணைப்பாக மேலேறி, எது மிகக் குறுகலோ அதைப் பிடிக்கிறது. இரண்டு இடங்களில் சம அளவு வந்தால் மேலே உள்ளதன் முகவரியையே அச்சிடும். ஒரே இணைப்பின் இரு முனைகளும் ஒரே வேகத்தைத்தான் சொல்லும் என்பதால், நேரடியாகச் செருகிய கார்டிலும் ரூட் போர்ட்டின் முகவரி வருவது இயல்பே. நடுவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரிக்கும் சிப்) இருந்தால்தான் இந்த ஏற்றத்தின் அருமை புரியும்: கார்டின் லிங்க்ஸ்டா முழு 8 லேன் காட்ட, நெரிசல் அதற்கும் மேலே இருக்கும். எல்எஸ்பிசிஐ-யுடன் 'டிவி' சேர்த்தால் அந்த மரம் முழுதும் தெரியும்.

ஒரே கார்டைப் பல மெய்நிகர் கார்டுகளாகக் காட்டும் எஸ்ஆர்-ஐஓவி வசதி உள்ள கார்டு என்றால் இந்த அழைப்பை முதன்மை ஃபங்ஷனுக்கு மட்டும் வையுங்கள். மெய்நிகர் ஃபங்ஷன்களின் பதிவேட்டில் இணைப்பின் நடப்பு விவரம் இருக்காது; அங்கே அச்சிட்டால் வருவதை நம்ப முடியாது.