செட்டிநாட்டில் சிறுதொழில் தொடங்கும் எண்ணத்தோடு ஊருக்கு வருவோர் கவனத்திற்கு

வெளிநாட்டில் பல ஆண்டுகள் சம்பாதித்தபின் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சுற்றியுள்ள சிற்றூர்களிலோ ஒரு தொழில் தொடங்கலாம் என்று எண்ணுகிறவர்களில் பலர், மூன்று வார விடுப்பில் வந்து, உறவினர் திருமணத்திற்கும் கோயில் படைப்புக்கும் நடுவே தொழிலையும் தொடங்கிவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். இடம் யாருடையது, சரக்கை வாங்கப்போவது யார், நாம் இல்லாத நாளில் கடையைத் திறப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு திரும்பினாலே முதல் பயணம் பயன்பட்டதாகக் கொள்ளலாம். முதல் போடுவதை அடுத்த பயணத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

திருச்சி, மதுரை ஆகிய இரு விமான நிலையங்களிலிருந்தும் சாலை வழியாக இரண்டு மணி நேரத்தை ஒட்டிக் காரைக்குடி வந்துவிடலாம் என்பதால் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த மாதத்தில் வருவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. பங்காளிகளைச் சந்தித்துப் பேச வேண்டியவர்கள் பொங்கலையோ, திருக்கார்த்திகைக்குப் பின் 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பையோ ஒட்டி வருவது நல்லது. சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று பிரிந்திருப்பவர்கள் ஊரில் ஒன்றாகக் கிடைப்பது அத்தகைய நாள்களில்தான். அலுவலக வேலைகளுக்கு அந்த நாள்கள் உதவா. ஆடியில் பத்திரம் பதியவோ கடை திறக்கவோ பெரும்பாலோர் விரும்புவதில்லை என்பதால், பழைய ஆவணங்களைத் தேடுவதற்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நடப்பதற்கும் ஆடி மாதமே தோது.

ஊர் திரும்புகிறவரின் கண் முதலில் பூர்வீக வீட்டின் மீதுதான் போகும். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த பட்டாலை என்னும் கூடமும் இருக்கும்போது விருந்தினர் விடுதி நடத்தினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த வீடுகளில் வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்குப் புள்ளி, அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்திற்கும், பங்காகவும், முகப்பும் பட்டாலையும் எல்லோருக்கும் பொதுவாகவும் இருப்பதே வழக்கம். மூன்று தலைமுறையில் ஒரு வீட்டிற்கு முப்பது நாற்பது பங்குதாரர்கள் சேர்ந்துவிடுவதும், அவர்களில் சிலர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போவதும் இங்கே புதிதல்ல. வீடு ஆண்மக்களுக்கு, பெண்மக்களுக்குச் சீர் என்று குடும்பங்கள் வாய்மொழியாகப் பேசிவைத்திருந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் உரிமை தந்திருப்பதால், அத்தைமார், அக்காள் தங்கையர் ஆகியோரின் கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்தை நம்பிச் செலவு செய்வது ஆபத்து.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்க முடியும் என்றாலும், அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும் என்பதை மறக்கக் கூடாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும், பதியாமல் எழுதிவைத்த உயிலும் அதில் தெரியா. எனவே மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், நத்தம் பட்டா, ஒவ்வொரு தலைமுறைக்கும் வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டி உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்து எழுதி வாங்குவது முறை. உறவினரான வழக்கறிஞரைத் தவிர்ப்பது நல்லது. அவரும் ஒரு பங்குதாரராக இருக்கக்கூடும்.

உரிமைச் சிக்கல் இல்லாத வீடாக இருந்தாலும் பராமரிப்பு சும்மா விடாது. அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடுகளைக் குரங்குகள் கலைத்துவிட்டால் மழைநீர் தேக்கு உத்தரத்தில் இறங்கும்; சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உப்புப் பூக்கும்; சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கேட்டவுடன் கிடைப்பதில்லை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத்தங்கல் திட்டத்தில் பதிவு பெற விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அத்திட்டம் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை உள்ள, உரிமையாளர் குடும்பம் உடன் வசிக்கும் வீடுகளுக்கானது. துபாயில் இருந்துகொண்டு பணியாளரை வைத்து நடத்துவது அந்த வகைக்குள் வராது. வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் இணையவழியே தகவல் தர வேண்டிய பொறுப்பும் உண்டு. இவ்வளவையும் பார்க்கும்போது, முதல் தொழிலை வாடகைக் கட்டடத்தில் தொடங்கி, வீட்டைப் பொறுமையாகச் சீர்செய்வதே சரி என்பது என் கருத்து.

குறைந்த முதலில் தொடங்கக்கூடியவற்றுள் பலகாரத் தொழில் முதன்மையானது. தேன்குழல், மணகோலம், அதிரசம், மாவுருண்டை, சீப்புச்சீடை ஆகியவற்றுக்குச் சீர் வைக்கும் வீடுகளிலும் வெளிநாட்டு உறவினர்களிடமும் தேவை குறையவில்லை. இதன் கணக்கு மாவிலோ எண்ணெயிலோ முடிவதில்லை என்பதை ஓர் அடுப்படியில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் புரியும். சீப்புச்சீடைக்குத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை வரிவரியாகப் பட்டையாகப் பிழிந்து, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டி, அதன்பின்தான் எண்ணெயில் இடுவார்கள். ஒட்டு சரியாக அமையாவிட்டால் வேகும்போது விரிந்துவிடும். உள்ளே ஈரம் தங்கினால் சில நாள்களில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே இந்தத் தொழிலின் உண்மையான முதல் அந்தக் கைகள்தாம். ஏற்கெனவே நல்ல சமையற்காரர் ஒருவரிடம் வேலை செய்யும் பெண்களைச் சற்றுக் கூடுதல் கூலி காட்டி அழைத்துவந்தால் ஊர்ப்பகைதான் மிஞ்சும். புதிதாக இரண்டு பேரைப் பழக்கிக்கொள்வது தாமதமானாலும் நிலைக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லாததால் ஆர்டர் விழுந்துவிடும், ஐப்பசியில் தீபாவளிக்குத் தூங்க நேரமிராது. ஆடி, மார்கழி ஆகிய இரண்டு மாதச் சம்பளத்தையும் வாடகையையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். உணவுத் தொழில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ தேவை.

ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்களுக்கும் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்களுக்கும் போட்டியாகப் பட்டறை போடுவதைவிட, அவர்கள் சரக்கை வெளியூருக்கு விற்றுக்கொடுப்பது வெளிநாட்டு அனுபவம் உள்ளவருக்குப் பொருத்தம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கல் கனமும் அதிகம், ஓரம் உடைவதும் அதிகம் என்பதால், கல்லின் விலையைவிட ஏற்றுகூலியையும் சேதாரத்தையும் முதலில் விசாரிக்க வேண்டும். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் அந்தப் பெயரை எந்தச் சேலைக்கும் இஷ்டம்போல் ஒட்டக் கூடாது.

பதிவுகளில் பயப்பட ஒன்றுமில்லை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் தனியாருடையவை. உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் ஊருக்கு வந்ததும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், ஓ.சி.ஐ. அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விண்ணப்பத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். பொருள் விற்பனைக்கு ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. கட்டாயமில்லை என்று சொல்வார்கள். ஆனால் பெங்களூருக்கு ஒரு பெட்டிப் பலகாரம் விற்றாலும் அது மாநிலம் கடந்த விற்பனை என்பதால் அந்த வரம்பு பொருந்தாது.

பணத்தைக் கொண்டுவரும் வழியும் முக்கியம். வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் தனியுரிமைத் தொழிலிலும் கூட்டாண்மையிலும் முதலைத் திரும்ப எடுத்துச்செல்லாத முறையில் போடலாம். விவசாயம், தோட்டப் பயிர், நிலம் வாங்கி விற்கும் தொழில் ஆகியவற்றில் இப்படிப் போட முடியாது. விளைநிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இயற்கை விவசாயக் கனவோடு வருகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, உள்ளூரில் பொறுப்பேற்கும் ஆள். பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய முதலாளிகள் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிவைத்து, சம்பளத்தையும் தவணையையும் எழுதி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கைக் கேட்டு வாங்கித்தான் கடலுக்கு அப்பால் தொழில் நடத்தினார்கள். இன்று அதே ஊரில் மைத்துனரிடம் சாவியைக் கொடுத்து, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறோம். உறவினராக இருந்தாலும் மாதச் சம்பளம் இவ்வளவு, இவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கேட்க வேண்டும், வாரந்தோறும் இருப்புக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதிகார ஆவணம் கொடுப்பதானால் வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, உரிமம் என்று வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுக் கொடுங்கள். சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் பொது ஆவணம் ஒரு பலகாரக் கடைக்குத் தேவையில்லை. வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பும் ஆவணத்திற்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.