எந்த ரேஸ் டயர் வேகமானது? ஏமாறாமல் சோதிக்கும் முறை

காலையில் ஒரு டயர், மதியம் இன்னொன்று என்று ஓட்டிவிட்டு, லேப் நேரம் (டிராக்கை ஒருமுறை சுற்றிவரும் நேரம்) குறைந்த டயரே நல்லது என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை போன்ற டிராக்கில் அதற்குள் தார் கொதித்துப்போயிருக்கும். கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து பிடிப்பும் மாறும். 20 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கார் சுமார் 15 கிலோ இளைத்துவிடும். அந்த அரை நொடி எதனால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அதனால் முதலில் பழகிய டயர், பிறகு சோதிக்க வேண்டிய புது வகை டயர், கடைசியில் மறுபடி பழகிய டயர் என்று ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் டேங்கில் ஒரே அளவு பெட்ரோல். பழகிய டயர் முதலில் 1:58.6, கடைசியில் 1:58.2, நடுவில் புதியது 1:58.1 என்று வைத்துக்கொள்வோம். ஒரே டயரே தனக்குத்தானே 0.4 நொடி வேறுபட்டிருக்கிறது. புதியது ஜெயித்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு சுற்று மாற்றி மாற்றி ஓட்டித்தான் ஆக வேண்டும். சராசரியைப் பாருங்கள், வேறு கார் குறுக்கிட்ட லேப்பைத் தள்ளிவிடுங்கள். சோதனை முடியும்வரை ஓட்டுநரிடம் நேரத்தைச் சொல்லாதீர்கள்.

டயரில் அடைக்கும் காற்றில்தான் பாதிச் சோதனைகள் கெடுகின்றன. 30 பிஎஸ்ஐ டயரில் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். வெயில் பட்ட பக்கத்து டயருக்கும் நிழலில் இருந்ததற்கும் ஒரே அளவு காற்று வைத்தால், ஓடிச் சூடான பிறகு அவை ஒன்றாக இருக்காது. இரண்டு டயரும் ஒரே வேகத்தில் சூடாவதும் இல்லை. ஆகவே பிட்டுக்குள் (டிராக் ஓரம் காரைச் சரிபார்க்கும் இடம்) வந்ததுமே, சூடாக இருக்கும்போதே அளந்து சரிசெய்யுங்கள். வெப்பத்தை ஊசி குத்தும் பைரோமீட்டரால் உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடங்களில் எடுங்கள். இன்ஃப்ராரெட் கருவி காட்டுவது மேல்தோலின் சூட்டை மட்டுமே, அது நொடிகளில் ஆறிவிடும். நடுப்பகுதி மட்டும் அதிகம் கொதித்தால் காற்று கூடுதல்; உள்ளோரம் வெளியோரத்தைவிட மிக அதிகமாகக் கொதித்தால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) கூடுதல்.

சீசன் முழுக்கப் பழகிய டயருக்காகவே கேம்பர் வைத்த காரில் புதியதை மாட்டி ஓட்டுவதும் ஓரவஞ்சனைதான். அதற்கும் காற்று, கேம்பர் பார்க்க ஒரு செஷன் கொடுங்கள். டயரில் 205 (அகலம், மில்லிமீட்டரில்) என்று அளவு போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்து பாருங்கள். சுற்றளவு குறைந்தால் கியரிங் மாறி நேர்ப்பாதையில் இழுவை கூடும், அதைப் பிடிப்பு என்று நினைத்துவிடுவோம். வளைவில் இறங்கும் குறைந்தபட்ச வேகம் கூடியிருக்கிறதா என்று டேட்டா லாகரில் (வேகத்தைப் பதிவு செய்யும் கருவி) பார்த்தால் குட்டு உடைந்துவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கிலக்கத் தேதியையும் கவனியுங்கள்: 2324 என்றால் 2024-இன் 23ஆவது வாரம். புத்தம்புதிய டயரை, பலமுறை சூடேறி ஆறி இறுகிப்போன டயரோடு மோதவிடுவது சோதனையே இல்லை.

பிறர் வெளியிடும் சோதனையில் நான் முதலில் தேடுவது இரண்டு விஷயம்: டயரைக் கடையில் வாங்கினார்களா, கம்பெனியே கொடுத்ததா? பழகிய டயரைக் கடைசியில் மறுபடி ஓட்டினார்களா? அடுத்து லேப் எண்ணிக்கை. மென்மையான ரப்பர் இரண்டாவது லேப்பில் பறந்துவிட்டு, எட்டாவதில் வழுக்க ஆரம்பிக்கலாம். உங்கள் ரேஸ் 10 லேப் என்றால் 10 லேப்பும் ஓட்டிய கணக்குதான் உங்களுக்கு உதவும்.