தண்டுவடக் காய ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன திங்கட்கிழமை காலை எலிகளின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சேர்ந்து மூன்று வாரமே ஆன மாணவி, ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே "கூண்டு ஈரம், தானாகவே சிறுநீர் போகிறது" என்று எழுதியிருந்தாள். நெஞ்சு திக்கென்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே வார்த்தைகளை நானும் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியால் நான்கு எலிகளை இழந்தோம்.

கையுறை போடுங்கள், குழாய்களில் பெயர் எழுதுங்கள் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் விளக்கிச் சொல்லாமல், அடிபட்டே கற்றுக்கொள்ள விடுகிற தவறுகள்தான் இங்கே.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பின் மேல்மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் தண்டுவடத்தை இம்பாக்டர் என்ற கருவியால் அளந்து ஓர் இடி இடிக்கிறோம். எங்கள் லேபில் 200 கிலோடைன், அதாவது 2 நியூட்டன். 1911இல் ஆலன் என்ற மருத்துவர் நாய்களின் தண்டுவடத்தின் மேல் எடையை விழவைத்துச் செய்த சோதனையின் வழிவந்ததுதான் இது. விபத்தில் மனிதருக்கும் பெரும்பாலும் தண்டுவடம் அறுபடுவதில்லை, நசுங்கத்தான் செய்கிறது. அதனால்தான் வெட்டாமல் இடிக்கிறோம். பிறகு ஒரு குழுவுக்கு மட்டும் சோதனை மருந்து கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் அந்த எலிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வு உதவியாளரின் வேலையில் முக்கால்வாசி இந்தப் பார்த்துக்கொள்வதுதான்.

கூண்டு ஈரமாக இருந்தால் சிறுநீர்ப்பை காலி என்று நினைப்பது

தண்டுவடம் நசுங்கியதும் மூளையிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் கட்டளை நின்றுவிடுகிறது. சிறுநீரகம் மட்டும் வழக்கம்போல வேலை செய்கிறது. பை நிரம்பிக்கொண்டே போகும், எலியால் வெளியேற்ற முடியாது. காயத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் தானாகவே ஒரு அனிச்சைச் செயலை உருவாக்கிக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் இரண்டு மூன்று தடவை நம் கையால்தான் அழுத்தி எடுக்க வேண்டும். சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் எதுவும் கிடையாது. இந்த வேலைக்குப் பெரும்பாலான லேப்களில் பெண் எலிகளையே எடுப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: அவற்றில் பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டை, எடுப்பது எளிது.

இனி ஏமாறும் இடம். மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் விளிம்பில் வழியும் இல்லையா? பையும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் தாங்காமல் போகும்போது சொட்டுச் சொட்டாக வழிகிறது. கூண்டில் போட்ட மரச்சீவல் நனைகிறது. புதியவர் அதைப் பார்த்து, அனிச்சைச் செயல் திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார். உண்மையில் பை வெடிக்கிற நிலையில் இருக்கிறது.

என் கதையும் அதுதான். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக லேபில் சேர்ந்த முதல் குளிர்காலம். பதினாறு எலிகள், அறுவை முடிந்து ஆறாவது நாள், சனி ஞாயிறு முறை என்னுடையது. வெளியே முழங்கால் அளவு பனி. நான்கு கூண்டுகள் ஈரமாக இருந்தன. அந்த நான்கையும் தொடாமல் மற்ற பன்னிரண்டுக்கு மட்டும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. திங்கள் காலை எங்கள் மூத்த டெக்னீஷியன் வந்தார். ஒன்றைக் கையில் எடுத்தவர் எதுவும் பேசவில்லை. என் விரலைப் பிடித்து அதன் அடிவயிற்றில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு, இறுகிப்போய் இருந்தது. அவர் மெல்ல அழுத்தினார். முதலில் கறுந்தேநீர் நிறத்தில் வந்தது, அப்புறம் ரத்தம்.

அந்த வாரத்திலேயே இரண்டு செத்தன. மூன்றாவது வேதனைப்படுகிறது என்று கால்நடை மருத்துவர் கருணைக்கொலை செய்தார். நான்காவது பிழைத்தது. ஆனால் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்ததால் கணக்கிலிருந்து நீக்கவேண்டி வந்தது. எந்த எலி எந்தக் குழு என்று மறைத்து வைத்திருந்த குறியீட்டைத் திறந்து பார்த்தபோது நான்கில் மூன்று, மருந்து பெற்ற குழுவைச் சேர்ந்தவை. மீதி இருந்தவற்றை வைத்து அந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான்கு மாதம் கழித்து, இன்னொரு பதினாறு எலிகளின் முதுகைத் திறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். உயிர்களை வீணாக்கினேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இந்தத் தவறு இன்னும் எனக்கு எரிச்சல் தருவதற்குக் காரணம், அது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. செய்முறைத் தாளில் "அனிச்சைச் செயல் திரும்பும்வரை எடுக்கவும்" என்று ஒரே வரிதான் இருக்கும். திரும்பிவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பது இருக்காது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த இடைவெளியைத் தங்கள் ஊகத்தால் நிரப்பிவிடுகிறார்கள்.

ஆகவே விரலால் தெரிந்துகொள்ளுங்கள். இடது உள்ளங்கையில் எலியின் மார்பைத் தாங்கிப் பிடியுங்கள். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அடிவயிற்றின் இரண்டு பக்கமும் போகட்டும். பை கிடைக்கும்: திராட்சை மாதிரி, மெல்லிய தோலுக்குள் தண்ணீர் அடைத்த மாதிரி. வால் பக்கம் நோக்கி ஒரே சீராக அழுத்துங்கள். வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், பை கிழிந்துவிடும். விட்டுவிட்டு, எலியின் உடம்பு தளர்ந்ததும் மறுபடி முயலுங்கள். பீச்சி வந்ததும் முடிந்தது என்று இறக்கிவிடாதீர்கள். மிச்சம் தங்கினால் அதில்தான் கிருமி வளரும். விரலுக்கு அடியில் பட்டாணி அளவுக்குச் சுருங்கும்வரை எடுக்க வேண்டும். நிறம், கலங்கல், வாடை மூன்றையும் அப்போதே எழுதுங்கள். எங்கள் லேபில் விதி இது: தொடர்ந்து மூன்று நாள், காலையும் மாலையும், கை வைத்ததும் பை சிறியதாக இருந்தால்தான் நிறுத்தலாம். பதிவேட்டில் "தானாகப் போகிறது" என்ற வாக்கியத்துக்கு இடமே கிடையாது. விரலுக்கு என்ன தெரிந்ததோ அதை எழுதவேண்டும்: பெரிது, நடுத்தரம், சிறிது.

இது எலியோடு முடியும் விஷயமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது முடக்கமல்ல. சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும்தான். 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்று, நோயாளிகளை இரவும் பகலும் நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப்பையை ஒழுங்காகப் பராமரிப்பது என்று பிடிவாதமாக நடத்தியபிறகுதான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள். 2004இல் கிம் ஆண்டர்சன், தண்டுவடக் காயத்தோடு வாழும் 681 பேரிடம் எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மேம்படும் என்று கேட்டு வெளியிட்டார். கையும் முடங்கியவர்கள் முதலில் கேட்டது கை. கால் மட்டும் முடங்கியவர்கள் முதலில் கேட்டது தாம்பத்திய வாழ்க்கை. இரண்டு தரப்புக்கும் பொதுவாக முக்கியமாக இருந்தது சிறுநீர், மலக் கட்டுப்பாடு. லேபுக்கு வரும் புதியவர்கள் எல்லோரும் எலி நடக்கிறதா என்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள்.

எந்தக் குழு என்று கேட்பது

நடையை அளக்க நாங்கள் பயன்படுத்துவது பிபிபி அளவுகோல். 1995இல் பாசோ, பீட்டி, பிரஸ்னகன் மூவரும் வெளியிட்டது. திறந்த வட்டத்தொட்டியில் எலியை விட்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, நான்கு நிமிடம் பார்த்து 0 முதல் 21 வரை மதிப்பெண் போட வேண்டும். 8க்கும் 9க்கும் நடுவில் இருப்பது ஒரு கணம்: பாதத்தைத் தரையில் வைத்த எலி, அந்தக் காலில் தன் எடையைத் தாங்கியதா இல்லையா. அதற்குமேல் 12 கொடுக்கவேண்டுமானால் முன்காலும் பின்காலும் எப்போதாவதேனும் இசைந்து நடந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமான இடத்தில், இது மருந்து பெற்ற எலி என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே எடை தாங்கியதாகப் பார்த்துவிடும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும். ஆகவே கேட்காதீர்கள். ஊசி போட்டவரை மதிப்பெண் போட உட்காரவைக்காதீர்கள். கூண்டில் கலர் டேப் ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டு வெறும் எண் போடுங்கள். தொட்டியில் விடுவதற்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். நிரம்பிய பை பின்கால்களைத் துடிக்கவைக்கும், அதை அசைவு என்று எண்ணிவிடுவீர்கள்.

இம்பாக்டரின் வரைபடத்தைப் பார்க்காமல் தையல் போடுவது

இடி விழுந்த அந்த நொடியே திரையில் விசைக்கோடு வரும். ஒரே உச்சியாக ஏறி இறங்கியிருந்தால் சரி. நடுவில் ஒடிந்து இரட்டை உச்சி தெரிந்தால், முனை எலும்பில் பட்டிருக்கிறது அல்லது கவ்வியில் முதுகெலும்பு நழுவியிருக்கிறது. அந்த எலி ஒரு வாரத்தில் ஓடியாடும். மருந்தின் வெற்றி என்று அதை எண்ணிவிடுவோம். எந்த எலியை நீக்குவது என்ற விதியை அறுவைக்கு முன்னாலேயே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்தபிறகு நீக்கினால் அது ஏமாற்று. அமெரிக்க அரசின் நரம்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 2003இல் தொடங்கிய மறுபரிசோதனைத் திட்டத்தில், பெயர்பெற்ற கண்டுபிடிப்புகளைத் திரும்பச் செய்துபார்த்தபோது பல நின்று பிடிக்கவில்லை. ஒவ்வொரு லேபும் எதையெல்லாம் பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்று 2014இல் ஒரு பட்டியலே போடவேண்டி வந்தது.

முள்ளெலும்பை ஒரு தடவை மட்டும் எண்ணுவது

எலிக்கு 13 ஜோடி விலா எலும்பு. திறக்கவேண்டிய முள்ளெலும்பு எது என்று கடைசி விலாவிலிருந்து மேலே எண்ணுங்கள், இன்னொருவரையும் எண்ணச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில்

பின்கால் வராத எலி எழுந்து நின்று குடிக்காது. நீளக் குழாய் மாட்டுங்கள், தீனியைத் தரையில் வையுங்கள்.

தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது

கடைசியில் வெளியே எடுத்த தண்டுவடத் துண்டை உறைய வைப்பதற்குமுன் மையால் குறியிடுங்கள். உறைந்தபிறகு கடவுளுக்கும் தெரியாது.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு வருஷக்கணக்குச் சொல்வது

லேபின் பெயர் எங்காவது செய்தியில் வந்தால் மறுநாளே மின்னஞ்சல் வரும். மரத்திலிருந்து விழுந்த மகனுக்காக ஒரு தாய், விபத்தில் மாட்டிய கணவருக்காக ஒரு மனைவி. புதியவர்கள் மனம் இளகி, இன்னும் ஐந்து வருஷத்தில் வந்துவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். நாங்கள் எலிக்கு மருந்து கொடுப்பது பல நேரம் இடி விழுந்த ஒரு மணிநேரத்துக்குள். அந்தத் தாயின் மகன் விழுந்து ஆறு வருஷம் ஆகியிருக்கும். உள்ளே தழும்பு படிந்து, இறந்த நரம்புகளின் இடத்தில் குழி விழுந்திருக்கும். அவரை நோக்கிச் சொல்லக்கூடியது எதுவும் அந்த எலியில் இல்லாமல் போகலாம்.

நான் எழுதும் பதிலில் மூன்று விஷயம் இருக்கும்: எந்த விலங்கு, எந்த மாதிரிக் காயம், காயம் பட்டு எத்தனை நேரம் கழித்து மருந்து. கூடவே, மகனுக்குச் சிறுநீர் எப்படிப் போகிறது, கடைசியாகச் சிறுநீரகத்தை ஸ்கேன் பார்த்தது எப்போது என்று கேட்பேன். அதற்குப் பதில் எழுதாத தாய் இதுவரை ஒருவரும் இல்லை.