ஸ்தோயான் நோவாகோவிச்சின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி

செர்பியாவின் ஸ்தோயான் நோவாகோவிச் (1842–1915) பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, ஆளை இரண்டாக வெட்டுவது. ‘வரலாற்றறிஞர்’ என்று ஒரு பகுதி, ‘அரசியல்வாதி’ என்று இன்னொரு பகுதி. இரண்டு முறை பிரதமர், மூன்று முறை கல்வி அமைச்சர், அகாதமியின் தலைவர் என்று பட்டியல் நீளும். இத்தனைக்கும் நடுவே எப்போது எழுதினார் என்பது மட்டும் தெரியாமலே போகும்.

எழுதுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: ஆண்டு, பதவி, நூல். 1865–68: ‘வீலா’ இதழின் ஆசிரியர். 1867: செர்பிய இலக்கிய வரலாறு. 1869: 1741 முதல் 1867 வரையிலான செர்பிய நூல்களின் விவரப்பட்டியல். 1870: 14ஆம் நூற்றாண்டுச் செர்பியப் பேரரசர் துஷானின் சட்டத்தொகுப்பு, முதல் பதிப்பு. 1873: முப்பது வயதில் கல்வி அமைச்சர். 1886: ஒட்டோமான் தலைநகரில் தூதர். 1891: இடைக்காலக் கிராமத்தைப் பற்றிய ‘செலோ’. 1893: 14, 15ஆம் நூற்றாண்டுகளில் செர்பியர்களும் துருக்கியர்களும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட வரலாறு. 1895 ஜூலை முதல் 1896 டிசம்பர் வரை பிரதமர். 1898: துஷான் சட்டத்தின் புதிய பதிப்பு. 1909 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மறுபடியும் பிரதமர். இப்படி அடுக்கினாலே கட்டுரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். துருக்கியரைப் பற்றிய நூல், அவர்களுடைய தலைநகரில் பல ஆண்டு வேலை பார்த்துத் திரும்பிய பிறகு வருகிறது. சட்டத்தின் மறுபதிப்பு, பிரதமர் பதவி போன கையோடு வருகிறது. பத்திகளை இந்த வரிசையில் பிரியுங்கள், பதவிவாரியாக வேண்டாம்.

அடுத்து தேதி. பெரும்பாலான பிழைகள் இங்கேதான். செர்பியா 1919 தொடக்கம் வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதை நம் இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாள் கூட்ட வேண்டும். ஜூலியன் 1900 பிப்ரவரி 29 முதல் 13 நாள். எல்லாத் தேதிக்கும் பொதுவாக 13 கூட்டிவிடுவதால் ஒரு நாள் பிசகிய தேதிகள் நிறையச் சுற்றுகின்றன. ஆண்டு கடைசியில் இன்னும் கவனம் தேவை. நோவாகோவிச் கல்வி அமைச்சராக இருந்து கொண்டுவந்த தொடக்கப்பள்ளிச் சட்டத்தின் தேதி 1882 டிசம்பர் 31. நம் கணக்கில் அது 1883 ஜனவரி 12. சட்டம் ‘1882ஆம் ஆண்டுச் சட்டம்’ என்றே வழங்குகிறது. அந்தப் பெயரை மாற்றாதீர்கள், தேதியை மட்டும் பழைய முறை, புதிய முறை என்று இரண்டாகத் தாருங்கள். 1903இல் அரசரைக் கொன்ற சதிக்கு ‘மே சதி’ என்று பெயர், புதிய கணக்கில் நடந்ததோ ஜூன் 11. இதுவும் அதே கதைதான்.

பெயர்களுக்கு ஆங்கில உச்சரிப்பை நம்பாதீர்கள். அவர் பிறந்த ஊர் ‘ஷபத்ஸ்’. லத்தீன் எழுத்தில் பார்த்து ‘சபாக்’ என்று எழுதுபவர்கள் உண்டு. எஸ் தலையில் கொக்கி இருந்தால் ஷ, வெறும் சி எப்போதும் த்ஸ, ஜே எப்போதும் ய. செர்பியத்தின் இன்னொரு எழுத்தான சிரிலிக்கில் படித்தால் எச் வடிவம் ந, சி வடிவம் ஸ. இன்னொன்று: ஞானஸ்நானப் பெயர் கோஸ்தா, ஸ்தோயான் பின்னாளில் அவரே வைத்துக்கொண்டது. கோஸ்தா நோவாகோவிச் என்று பிந்திய தலைமுறைச் சோசலிஸ்ட் ஒருவர் இருந்தார். தேடும்போது இருவரின் தகவலும் கலந்துவிடும்.

நிறுவனங்களை அந்தந்தக் காலப் பெயரால் சொல்ல வேண்டும். அவர் படித்தது பெல்கிரேடு லிசேயில். பிறகு பேராசிரியராக இருந்தது ‘வெலிகா ஷ்கோலா’ என்ற உயர்கல்விக்கூடத்தில். பெல்கிரேடு பல்கலைக்கழகம் 1905இல்தான் வந்தது. 1906 முதல் அவர் தலைமை வகித்தது செர்பிய அரச அகாதமிக்கு. இன்றைய அறிவியல் கலை அகாதமியின் பெயரை அங்கே போடக் கூடாது. அப்போது செர்பியாவை ஆண்ட மிலானும் 1882 மார்ச் 6 வரை இளவரசர்தான். 1880இல் நோவாகோவிச் ‘மன்னர் மிலானின்’ அமைச்சர் ஆனார் என்று எழுதினால் இரண்டு ஆண்டு முந்திவிடுகிறீர்கள்.

மொழிபெயர்ப்புக் கருவி ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு: ‘போஸ்லானிக்’. செர்பியத்தில் தூதருக்கும் அதே சொல், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அதே சொல். ‘த்ஸாரிகிராதில் போஸ்லானிக்’ என்ற தொடரைக் கருவி ‘த்ஸாரிகிராத் தொகுதி உறுப்பினர்’ என்று தந்தாலும் ஆச்சரியமில்லை. த்ஸாரிகிராத் என்பது கான்ஸ்டான்டினோப்பிள், இன்றைய இஸ்தான்புல். ஊர்ப்பெயர் வெளிநாடு என்றால் தூதர், ‘நரோத்னி’ என்ற அடைமொழி முன்னால் வந்தால் மக்கள் பிரதிநிதி.

சர்ச்சைக்குரிய பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இஸ்தான்புல்லில் இருந்தபோது மாசிடோனியாவில் பல்கேரியச் செல்வாக்கைக் குறைக்க, அங்கே தனி மாசிடோனிய உணர்வு வளர்வதை ஆதரிக்கலாம் என்று 1888இல் அவர் எழுதினார். செர்பிய, பல்கேரிய, மாசிடோனிய எழுத்தாளர்கள் ஆளுக்கொரு விதமாக இதைப் படிக்கிறார்கள். ஒரு தரப்பு நூலை மட்டும் பார்த்து ‘மாசிடோனிய அடையாளத்தைக் கண்டுபிடித்தவர்’ என்று எழுதிவிட வேண்டாம். யோசனை யாரிடம் சொல்லப்பட்டது, எதற்காகச் சொல்லப்பட்டது என்ற இரண்டையும் எழுதினால் போதும், தீர்ப்பு தேவையில்லை. அவரே 1883–1903 காலத்து அரசியலமைப்பு அரசியலைப் பற்றி 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். பயனுள்ள நூல். ஆனால் அதை எழுதுகிறவரும் அந்த அரசியலில் பங்கெடுத்தவர். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘நோவாகோவிச் கூற்றுப்படி’ என்று போடுங்கள்.

1909 பிரதமர் பதவிக்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். ஆஸ்திரியா–ஹங்கேரி 1908 அக்டோபரில் பாஸ்னியாவை இணைத்துக்கொண்டது, அதனால்தான் எல்லாக் கட்சிகளும் சேர்ந்த அமைச்சரவை அமைந்தது. 1909 மார்ச் 31 அன்று அந்த இணைப்பை ஏற்று அறிக்கை கொடுத்ததும் அதே அரசுதான். இதைச் சொல்லாமல் ‘எட்டு மாதம் பிரதமராக இருந்தார்’ என்றால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

நூற்பட்டியலில் ‘நூறு ஆண்டுக்குப் பின்: பெல்கிரேடு, 2011 மே 15’ என்று ஒரு தலைப்பு வரும். அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள், 2011 வெளியீடு என்றும் போடாதீர்கள். 1911இல் எழுதிய கட்டுரை அது. தென் ஸ்லாவியர் ஒன்றுபட்டு வாழும் ஒரு நாட்டை நூறு ஆண்டு தள்ளி நின்று கற்பனை செய்கிறார். வெளியான ஆண்டு 1911, தலைப்பிலுள்ள ஆண்டு 2011 என்று பிரித்துக் குறிப்பிடுங்கள்.

இறந்த ஊர் நீஷ். பெல்கிரேடில் வாழ்ந்தவர் ஏன் அங்கே இறந்தார் என்று வாசகர் கேட்பார். 1914 ஜூலையில் முதல் உலகப் போர் தொடங்கியபோது அரசு தலைநகரை நீஷுக்கு மாற்றியிருந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.