தோட்டத்து ஊரில் சுல்காட்டா ஆமை: எங்கே வைப்பது, என்ன போடுவது

ஆமை வாங்கப்போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்தால் முதலில் வருவது "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" தான். பாட்டியைச் சமாளிப்பது உங்கள் சாமர்த்தியம், அதற்கு என்னிடம் வழி இல்லை. வாங்கிய பிறகு அதை எங்கே வைப்பது, என்ன தீனி போடுவது என்பதைத்தான் எழுதுகிறேன். அதுவும் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்காக. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குச் சூடும் வெளிச்சமும் பிரச்சினை, நமக்கு மழையும் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிப்பதும்.

இங்கே சொல்வது எல்லாம் சுல்காட்டா ஆமைக்கு. சஹாராவுக்குத் தெற்கே, செனகலில் இருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட புல்வெளிகள்தான் அதன் பூர்வீகம். தரை ஆமைகளில் கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. கடையில் பார்க்கும்போது உள்ளங்கையில் அடங்கும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். வளர்ந்த ஆண் 40, 50 கிலோ சாதாரணமாக வரும், அதற்கு மேலும் போகும். ஆயுள் 70 வருஷத்தைத் தாண்டக்கூடும், அதனால் உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், வரிசை வீடு, முன்னால் சிமெண்ட் போட்ட கார் நிறுத்தும் இடம் மட்டும்தான் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். கம்பத்து (கிராமத்து) வீடோ, பக்கத்தில் மண்தரை உள்ள மூலை வீடோ இருந்தால் மேலே படியுங்கள்.

வாங்கும் முன் சட்டம். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் கையில் இருக்கிறது. மாநில அலுவலகத்துக்குப் போய், எந்த இனத்துக்கு என்ன உரிமம் என்று முதலில் கேளுங்கள், பிறகு உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குங்கள். பேஸ்புக்கில் "கடிதம் இல்லாமல் மலிவு" என்று வருவதைத் தொடவே வேண்டாம். நட்சத்திர ஆமை அழகுதான், ஆனால் சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் திணித்து அனுப்பிப் பிடிபடுவது அதுதான். 2019-இல் அனைத்துலக வணிகத்துக்கே முழுத் தடை விழுந்துவிட்டது. தோட்டத்து ஓரத்தில், சாக்கடைப் பக்கத்தில் கண்ணில் படும் நம் காட்டு ஆமையையும் தூக்கி வராதீர்கள். அதுவும் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் பெரும்பாலும் பிழைக்காது.

சரி, வளர்ப்புக்கு வருவோம். லயத்தில் மாடு வளர்த்த குடும்பமாக இருந்தால் உங்களுக்கு இது சுலபம். சுல்காட்டாவை ஒரு சின்ன மாடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்: பகல் முழுக்கப் புல் மேயும், வெயில் காயும், ராத்திரி ஈரமில்லாத கொட்டகை வேண்டும். கடைக்காரர் தலையில் கட்டப் பார்க்கும் கண்ணாடித் தொட்டி, கலர் கல், டப்பாத் தீனி எதுவுமே அதில் இல்லை, கவனித்தீர்களா?

குட்டிக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் வீட்டுக்குள் ஒரு பெட்டி வேண்டும். துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூன்றடி நீளம் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பக்கம் ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும், கண்ணாடியாக இருந்தால் வெளியே தெரிகிறது என்று நாள் முழுக்க மூலையில் முட்டிக்கொண்டே இருக்கும். அடியில் தேங்காய் நார்த்தூளை நான்கு விரல் உயரம் பரப்பி, கையில் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரப்படுத்துங்கள். வெறும் மணல் வேண்டாம், தீனியோடு வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மரத்தூளும் வேண்டாம். ஒரு மண்சட்டியைப் பாதியாக உடைத்துக் கவிழ்த்தால் அதுதான் அதன் அறை. தண்ணீருக்குப் பூச்சட்டியின் அடித்தட்டு போதும், குட்டி தானாக ஏறி இறங்கும் அளவுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும்.

இந்த ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலைவன ஆமை, அதனால் குட்டியைக் காய வைத்து வளர்க்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார்கள். ஓடு வழுவழுப்பாக வளராமல் கூம்பு கூம்பாக எழும்பியபோது, புரதம் அதிகமாகிவிட்டது என்று தீனி மேல் பழி போட்டார்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் சுல்காட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்ததில், கூம்பு அதிகம் வந்தது காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றுக்கு, புரதத்தின் பங்கு சின்னது. காட்டில்கூட குட்டி வெயிலில் கிடப்பதில்லை, ஈரமான வளைக்குள் ஒண்டிக்கொள்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பெட்டியை ஏர்கோன் ஓடும் அறையில் வைத்துவிட்டு, மேலே சூடு விளக்கையும் போட்டால், சஹாராவையே வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரிதான். ஏர்கோன் இல்லாத அறையில் வையுங்கள். குட்டிக்கு ராத்திரி 26, 27 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. மழைக்காலத்தில் விடியற்காலை 23 வரை இறங்கும் என்பதால், வெளிச்சம் தராத பீங்கான் சூட்டுக் குமிழை ஒரு தெர்மோஸ்டாட்டோடு மாட்டிவிட்டால் நிம்மதி.

அப்புறம் எறும்பு. வெளிநாட்டுக் குறிப்புகளில் இதைப் பற்றி நான் அதிகம் பார்த்ததில்லை. பெட்டியில் மிச்சம் கிடக்கும் கீரைக்கு வரும் செவ்வெறும்பு குட்டியின் கண்ணையும் தோலையும் கடித்துவிடும். அந்தக் காலத்தில் சமையலறை அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்களே, அதே வேலையைப் பெட்டி வைத்திருக்கும் மேசைக்குச் செய்யுங்கள். மருந்து மட்டும் தெளிக்காதீர்கள்.

வெயிலுக்கு விளக்கு வாங்கலாம், ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு அதற்குக் காசு கொட்டுவது வீண். தினமும் காலையில் ஒரு மணி நேரம் வெளியே விட்டால் போதும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது, ஏனென்றால் தோலில் வைட்டமின் டி3 உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது, ஓடு விரல் வைத்தால் அமுங்கும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். மழை விடாத வாரங்களுக்காக யூவிபி டியூப் ஒன்று வைத்திருந்தால், எரிகிறதே என்று வருஷக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் வரும், கதிர் குறைந்துபோயிருக்கும், சுமார் ஒரு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெளியே விடும்போது பாதி இடம் நிழலாக இருக்கட்டும், மேலே கம்பி வலை கட்டாயம். காக்காயும் பூனையும் உடும்பும் காத்துக்கொண்டிருக்கும்.

ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் வந்த பிறகு வெளியே நிரந்தர இடம். இங்கேதான் பெரிய செலவு, இங்கேதான் அவசரப்படக்கூடாது. பெரிய ஆமைக்குக் குறைந்தது 20-க்கு 30 அடி என்று கணக்கு வையுங்கள், கூட இருந்தால் இன்னும் நல்லது. வேலி கம்பி வலையாக இருக்கக்கூடாது. அந்தப் பக்கம் தெரிந்தால் தள்ளிக்கொண்டே போகும், 40 கிலோ உடம்பு தள்ளினால் வலை என்ன ஆகும்? செங்கல்லோ சிமெண்ட் கல்லோ வைத்து இரண்டடிக்கு மேல் சுவர் எழுப்புங்கள். ஓர் அடியாவது மண்ணுக்குள் இறங்கட்டும்.

தோண்டுவதுதான் இதன் பிறவிக் குணம். சொந்த மண்ணில் பல அடி நீளத்துக்கு வளை தோண்டி, கொடும் வெயில் காலம் முழுக்க உள்ளேயே கிடக்கும். அங்கே அது உயிரைக் காக்கும் வேலை. நம் ஊரில் சாயங்காலம் நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டினால், அதே வளை நிமிஷத்தில் நிரம்பிவிடும், மண் சரிந்து உள்ளே மாட்டினால் தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. அதனால் சுவர் ஓரம் முழுக்க நடைபாதைக் கல் பதியுங்கள், மற்ற இடத்தில் குழி ஆரம்பிப்பதைக் கண்டால் அன்றைக்கே கல் போட்டு மூடுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டுப் பக்கம்தான் கொட்டகை. தரை சிமெண்ட் போட்டு நிலத்தைவிட அரையடி உயர்த்தி, ஏறுவதற்குச் சரிவு வைத்து, மேலே காய்ந்த வைக்கோல் அல்லது காய்ந்த புல் பரப்புங்கள். கூரைக்கு ஜிங்க் போட்டால் அடியில் பலகை அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மதியம் உள்ளே வெந்துபோகும். வாசலில் பழைய ரப்பர் மேட்டைக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டால் சாரல் உள்ளே வராது. பெரியது ராத்திரி 23, 24 டிகிரியைத் தாங்கும், நனைந்து குளிர்ந்து கிடந்தால்தான் தாங்காது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தை நீட்டிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் நுரையீரல் நோயின் அறிகுறி.

ஒன்றே வளருங்கள். துணை வேண்டுமே என்று இரண்டாவது வாங்கினால், இரண்டும் ஆணாக இருந்தால் முட்டி முட்டிக் கவிழ்த்துவிடும். மல்லாந்து வெயிலில் கிடக்கும் ஆமை சீக்கிரம் செத்துப்போகும்.

இனி தீனி. ஈப்போவில் சாம் போ தோங் கோயில் குளத்துக்குப் போய் ஆமைகளுக்குக் கங்குங் (வள்ளைக்கீரை) கொடுத்துப் பழகிய நமக்கு, ஆமை என்றாலே கங்குங் என்று ஆகிவிட்டது. குளத்தில் இருப்பவை நீர் ஆமைகள். சுல்காட்டாவுக்குத் தட்டில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு புல்லாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் தோட்டத்து ஊர்க்காரர்களுக்குக் கொள்ளை அதிர்ஷ்டம்: அருகம்புல், வீட்டு முன்னால் தானாகப் படரும் அகலப் புல், மாட்டுக்குப் போடும் நேப்பியர் புல் எல்லாமே ஆகும். நேப்பியரில் இளம் இலையாகப் பார்த்து வெட்டுங்கள், தண்டு வேண்டாம். குட்டிக்குப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும், பெரியது தானே மேயும். மேய்வதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்: முன்காலால் புல்லை மிதித்துக்கொண்டு, கவ்வி, தலையைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கும், புல் அறுபடும் சத்தம் காதில் விழும்.

புல்லோடு செம்பருத்தி இலையும் பூவும் தினமும் கொடுக்கலாம், பூவைக் கண்டால் மற்றதை விட்டுவிட்டு வரும். முசுக்கொட்டை இலை, வல்லாரை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி நல்லவை. முருங்கைக்கீரையில் கால்சியம் நிறைய, புரதமும் நிறைய, அதனால் வாரத்தில் ஒரு முறை ஒரு கைப்பிடி. பசலை, முளைக்கீரை, கங்குங் இவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சாவி என்ற கடுகுக்கீரையும் கோஸும் தைராய்டுக்கு நல்லதல்ல. எப்போதாவது கொஞ்சம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, பசாரில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே தினசரித் தீனியாக்கினால்தான் வம்பு. பழம் இதற்கு வேண்டியதே இல்லை. பப்பாளி, வாழைப்பழம், தர்பூசணி எதைப் போட்டாலும் ஆசையாகத் தின்னும், சர்க்கரை வயிற்றில் புளித்துக் கழிச்சல் வரும். சோறு, ரொட்டி, பூனைத் தீனி, இறைச்சி கிட்டவே போகக்கூடாது. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைப் போட்டு வைத்தால் வேண்டியபோது கடித்துக்கொள்ளும், பறவைக் கடையில் கிடைக்கும்.

புல் எங்கே அறுக்கிறீர்கள் என்பது எதை அறுக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். செம்பனை மரத்தடி வட்டத்திலும் தோட்டத்து ரோட்டோரத்திலும் மருந்தடிப்பார்கள். அடித்த அன்று புல் பச்சையாகத்தான் இருக்கும், மஞ்சளாக மாறப் பல நாள் ஆகும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இல் தடை செய்துவிட்டார்கள் என்பதற்காக மற்ற மருந்துகள் பாயசம் ஆகிவிடாது. தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்டுவிட்டு அறுங்கள், அதைவிட வீட்டுக் கொல்லையில் இரண்டு வரிசை நேப்பியர் நட்டுவிடுங்கள். குச்சியை வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். பூஜைக்காக வேலியோரம் வைத்திருக்கும் அரளி, ஆமை மேயும் இடத்தில் இருக்கக்கூடாது, இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். உண்ணிச்செடி, மணி பிளாண்ட் இரண்டையும் அப்படியே பிடுங்கிவிடுங்கள்.

குட்டியைத் தினமும் பதினைந்து இருபது நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், தாடைக்குக் கீழேதான் தண்ணீர். குடிக்கும், அதிலேயே கழிக்கும். அதைப் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். சாணியில் புல் நார் தெரிந்தால் வயிறு சரியாக இருக்கிறது. சிறுநீரோடு வரும் வெள்ளைப் பொருள் குழைவாக இருக்க வேண்டும், மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை, விட்டால் உள்ளே கல்லாகக் கட்டிவிடும். இதற்கென்று தனி பேசின் வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் கழுவும் இடத்தில் செய்யாதீர்கள். ஆமை மேல் சால்மொனெல்லா இருக்கலாம், தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மாதம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வையுங்கள். சின்ன ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் பூனையும் நாயும்தான் பார்ப்பார்கள், அதனால் ஈப்போ பக்கம் ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார் என்று ஆமை நன்றாக இருக்கும்போதே போன் போட்டு விசாரித்து வையுங்கள்.

தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ இரண்டு மூன்று நாள் வெளியூர் போனால், பெரிய ஆமைக்குப் பிரச்சினை இல்லை, கொல்லைப் புல்லும் தட்டில் தண்ணீரும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, மழை வந்தால் கொட்டகைக்குள் விரட்டிக் கதவை அடைக்க மட்டும் சொல்லுங்கள். பாவம் பசிக்குமே என்று சோறும் வாழைப்பழமும் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.